ஒளியை எண்ணிய பெருமகன்

போஸ் என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழ் மக்களின் உள்ளத்தில் முதலில் தோன்றுபவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஆவார். பள்ளியில் விஞ்ஞானம் பயின்றோர், செடி கொடிகளின் உணர்ச்சியைக் கருவி கொண்டு ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸையும் நினைவு கூர்வர். வங்காளிகளுள் மூன்றாவது போஸ் ஒருவர் உண்டு. உலகிலுள்ள துகள்கள் யாவும் இரண்டே இனங்களில் அடங்கும் என்பது பௌதிக நூலார் கண்ட முடிபு. அவ்விரண்டினுள் ஓரினத்துக்கு அவருடைய பெயரையே இட்டுப் போஸான் என அழைக்கின்றனர். தனி மனிதர் ஒருவருக்கு இதனினும் பெரிய நினைவுச் சின்னம் எழுப்புதல் அரிது.

தமிழகத்தினின்றும் வந்து வங்க நாட்டில் குடியமர்ந்து, இந்நாட்டு உப்பை உண்டு வாழும் நாம், இந்நாட்டுப் பெரியோரின் வரலாற்றை அறிந்து நம் மக்களுக்கு உரைப்பது நன்றியுடைமையின்பாற்படும். ரவீந்திரரையும் விவேகானந்தரையும் நம் இல்லங்கள் அறியும். சத்தியேந்திர நாத் போஸைப் பற்றிய பேச்சு நம்மிடையே குறைவு. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் பொருட்டு, நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அவர் வரலாற்றை இங்கே சுருங்கக் கூறுகின்றோம். அவர் கண்ட உண்மையையும், அவ்வுண்மையை அடுத்து அவர் எடுத்து வைத்த அடி ஒன்று சறுக்கியதையும், அச்சறுக்கலின் பின்னே ஒளிந்திருந்த செய்தி பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டதையும் அன்பர்கள் இதனுள் காணலாம்.

இளமையும் கல்வியும்

சத்தியேந்திரர் 1894-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் சுரேந்திர நாத் போஸ். தாயார் ஆமோதினி தேவி. நம்மவருள் பலரைப் போலவே தந்தையாருக்கும் ரயில்வே உத்தியோகந்தான். கிழக்கிந்திய ரயில்வேயில் அவர் பணியாற்றி வந்தார். மக்கள் எழுவருள் சத்தியேந்திரரே மூத்தவர். பின் பிறந்த அறுவரும் பெண்கள். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் தந்தையார் தரையில் ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டுச் செல்வார் என்றும், மாலையில் அவர் திரும்புவதற்குள் மைந்தர் அதற்கு விடை கண்டிருப்பார் என்றும் கூறுவர்.

ஹிந்துப் பள்ளியில் பயின்ற காலத்தில் கணித ஆசிரியர் அவருக்கு நூற்றுக்கு நூற்றுப் பத்து மதிப்பெண் வழங்கினார் என்பது வங்காளிகள் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. ஒவ்வொரு கணக்கையும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் போட்டிருந்தாராம் மாணவர். 1909-இல் பிரஸிடென்ஸி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். உடன் பயின்றவருள் ஒருவர், டாக்கா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எளிய மளிகைக் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்த மேகநாத சாஹா. பின்னாளில் விண்மீன்களின் வெப்ப நிலையை அவற்றின் நிறமாலையினின்றும் அறிய வழி வகுத்தவர் அவர். 1915-இல் நடைபெற்ற எம். எஸ்ஸி. தேர்வில் போஸ் முதலாமவர், சாஹா இரண்டாமவர். அதற்கு முந்திய ஆண்டே, இருபதாம் வயதில், போஸுக்கும் உஷாவதி அம்மையாருக்கும் திருமணம் நிகழ்ந்திருந்தது.

அக்காலத்தில் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் விஞ்ஞானக் கல்லூரி ஒன்றை நிறுவி, இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்து வந்தார். நம் தமிழ் நாட்டு ஸி. வி. ராமன் 1917-இல் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து பாலித் பேராசிரியராக அமர்ந்தது அக்கல்லூரியிலேதான். போஸும் சாஹாவும் அங்கே விரிவுரையாளராயினர். ஐரோப்பாவிலோ முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. ஜெர்மானிய நூல்கள் கிடைப்பது அருமை. சிப்பூர் பொறியியற் கல்லூரியிலிருந்த ப்ரூல் என்னும் ஐரோப்பியப் பேராசிரியரிடம் புதிய பௌதிக நூல்கள் இருப்பதறிந்து, அவற்றை இரவல் வாங்கிப் படித்தனர். மூலத்தைப் படிக்கும் பொருட்டு ஜெர்மானிய மொழியையும் கற்றனர். அப்பயிற்சியின் பயனாக, ஐன்ஸ்டைனும் மின்கோவ்ஸ்கியும் சார்பு நிலைக் கொள்கையைப் பற்றி எழுதிய கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். 1920-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் அதனை நூலாக வெளியிட்டது.

சூளையும் ஒளியும்

1921-இல் டாக்காவில் புதிய பல்கலைக் கழகம் தோன்றிற்று. அதில் பௌதிகத் துறையில் ரீடர் பதவியேற்றுப் போஸ் அவ்வூருக்குச் சென்றார். அவரை உலகறியச் செய்த செயல் ஆய்வுக் கூடத்தில் நிகழவில்லை, வகுப்பறையில் முளைத்தது. அதனை விளங்கிக் கொள்ள நாம் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

செங்கற் சூளையின் சிறு துளை வழியே உள்ளே நோக்கினால், சூடு ஏற ஏற அதன் ஒளி மங்கிய சிவப்பிலிருந்து மஞ்சளாகவும் பின்னர் வெண்மையாகவும் மாறுவதைக் காணலாம். மூடிய பெட்டியொன்றின் உட்சுவர்களிலுள்ள அணுக்கள் ஓயாமல் ஒளியை உமிழ்கின்றன; உமிழப்பட்ட ஒளியை மீண்டும் விழுங்குகின்றன. இக்கொடுக்கல் வாங்கல் நெடுநேரம் நடந்து சமநிலை எய்திய பின், பெட்டிக்குள் எந்த நிறம் எவ்வளவு இருக்கும் என்பது சுவர் மண்ணா இரும்பா என்பதைப் பொறுத்ததன்று. வெப்பத்தின் அளவொன்றையே பொறுத்தது. இந்த அளவைத் தரும் சூத்திரத்தை 1900-ஆம் ஆண்டில் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் கண்டார். ஒளியும் அணுவும் சக்தியைப் பரிமாறிக் கொள்வது குழாய் நீர் போல் இடையறாமல் அன்று, அளந்த படிகளாகவே என்று அவர் கொள்ள நேர்ந்தது. 1905-இல் ஐன்ஸ்டைன் ஒருபடி மேலே சென்று, ஒளியே தனித்தனித் துணுக்குகளாக இயங்குகின்றது என்றார். இன்று ஃபோட்டான் என்று நாம் வழங்குவது அத்துணுக்கையே.

பிளாங்கின் சூத்திரம் ஆய்வுகளோடு அணுவளவும் பிசகாமல் பொருந்திற்று. ஆயினும் அதனை நிறுவிய வழியில் ஒரு குறை இருந்தது. பெட்டிக்குள் எத்தனை வகை அலைகள் அடங்கும் என்பதைப் பழைய அலைக் கொள்கை கொண்டு கணக்கிட்டனர். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சக்தி உண்டு என்பதைப் புதிய துணுக்குக் கொள்கை கொண்டு கணக்கிட்டனர். ஒன்றையொன்று மறுக்கும் இரு கொள்கைகளை ஒரே வண்டியில் பூட்டி ஓட்டியது போன்றது அது. வண்டி ஓடிற்று, ஏன் ஓடிற்று என்பதுதான் விளங்கவில்லை. மாணவர் முன் நின்று இதனை மெய்ப்பிக்க வேண்டிய ஆசிரியர் போஸுக்கு இது பெருங் கூச்சத்தை விளைத்தது. தாம் ஒப்பாத ஒன்றைப் பிறருக்குக் கற்பிக்க அவர் மனம் இசையவில்லை.

அலை என்னும் சொல்லையே எடுக்காமல் போஸ் ஒரு வழி கண்டார். ஒளித் துணுக்குகள் நிறைந்த பெட்டியை ஒரு வாயுவைப் போலவே கருதினார். அத்துணுக்குகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே குறிக்கும் வெளியை, பிளாங்கின் மாறிலி தரும் அளவில், சின்னஞ்சிறு அறைகளாகப் பகுத்தார். அலைக் கொள்கை தந்த அதே எண்ணிக்கை அறைகளின் எண்ணிக்கையாக வந்து நின்றது. எஞ்சியது, அவ்வறைகளில் துணுக்குகளைப் பங்கிடும் கணக்கு. புதுமை அதிலேதான் இருந்தது.

இரண்டு மாணவர்களை இரண்டு அறைகளில் தங்க வைக்கின்றோம் எனக் கொள்வோம். இருவரும் முதலறையில் இருக்கலாம். இருவரும் இரண்டாம் அறையில் இருக்கலாம். அல்லது ஆளுக்கோர் அறையாக இரு வகையில் மாறித் தங்கலாம். ஆக நான்கு வகை. அவற்றுள் இருவரும் சேர்ந்திருப்பவை இரண்டு, அதாவது பாதி. மாணவருக்குப் பதிலாகச் சேமிப்பு வங்கிப் பேரேட்டில் எழுதப்படும் ரூபாயைக் கொள்வோம். இரண்டு ரூபாயை இரண்டு கணக்குகளில் வரவு வைக்க எத்தனை வகை? முதற் கணக்கில் இரண்டு, இரண்டாம் கணக்கில் இரண்டு, கணக்குக்கு ஒவ்வொன்று என மூன்றே வகை. எந்த ரூபாய் எந்தக் கணக்கில் உள்ளது என்னும் கேள்விக்கே அங்கே பொருளில்லை. மூன்று வகையும் ஒத்த வாய்ப்புடையன எனின், சேர்ந்திருப்பது மூன்றில் இரண்டு பங்கு. ஒளித் துணுக்குகள் மாணவரைப் போன்றவை அல்ல, பேரேட்டு ரூபாயைப் போன்றவை என்பதே போஸின் கணக்கில் அடங்கிய உண்மை. அவற்றுக்குத் தனித்தனி அடையாளம் இல்லை. ஆதலின் அவை ஒன்று கூடும் வாய்ப்பு மிகுதி. இவ்வாறு எண்ணிப் பார்த்தபோது பிளாங்கின் சூத்திரம் எவ்வித முரண்பாடுமின்றித் தானே வந்து விழுந்தது.

ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம்

1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், முப்பது வயது நிரம்பிய டாக்கா ஆசிரியர், தம் சிறு கட்டுரையுடன் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பின் அறிமுகமில்லை, சிபாரிசு செய்வாரும் இல்லை. கட்டுரை வெளியிடத் தக்கது எனத் தோன்றினால் அதனை ஜெர்மானிய ஏட்டில் வெளிவரச் செய்ய வேண்டும் என்பதே வேண்டுகோள். உலகப் புகழின் உச்சியில் இருந்த ஐன்ஸ்டைன் அதனைப் படித்தார். தாமே ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். இது முக்கியமானதொரு முன்னேற்றம் எனத் தாம் கருதுவதாகக் குறிப்பும் சேர்த்து ஏட்டுக்கு அனுப்பினார். நான்கே பக்கங்கள் கொண்ட அக்கட்டுரை அவ்வாண்டிலேயே அச்சேறியது. அதே எண்ணும் முறையை ஐன்ஸ்டைன் அணுக்களாலான வாயுவுக்கும் விரித்து, மிகுந்த குளிர்ச்சியில் அணுக்கள் திரண்டு ஒரே நிலையில் ஒடுங்கும் என முன்னுரைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1995-இல், அமெரிக்க ஆய்வுக் கூடங்களில் அந்நிலை கண்கூடாயிற்று.

ஐன்ஸ்டைன் போஸுக்கு எழுதிய அஞ்சலட்டை ஒன்று பெரும் மந்திரமாயிற்று. அதனைக் கண்ட பல்கலைக் கழகம் இரண்டாண்டு வெளிநாடு சென்று கற்க விடுப்பளித்தது. ஜெர்மானியத் தூதரகமும் தடையின்றி அனுமதி வழங்கிற்று.

சறுக்கிய அடி

முதற் கட்டுரை சென்ற சில நாட்களுக்குள்ளாகவே இரண்டாவது கட்டுரை ஒன்றையும் போஸ் அனுப்பியிருந்தார். பெட்டியில் ஒளி மட்டும் இல்லை, அணுவும் உண்டு. ஓர் அணு ஒளியோடு எவ்வாறு கொடுக்கல் வாங்கல் செய்கிறது என்பதே அதன் பொருள்.

இதைப் பற்றி ஐன்ஸ்டைன் 1917-லேயே ஒரு விதி கூறியிருந்தார். அணுவுக்கு மூன்று செயல்கள் உண்டு என்றார் அவர். ஒளியை விழுங்குதல் ஒன்று. வெளித் தூண்டுதல் இன்றித் தானாகவே உமிழ்தல் மற்றொன்று. சுற்றியுள்ள ஒளியால் தூண்டப்பட்டு மேலும் உமிழ்தல் மூன்றாவது. போஸ் இம்மூன்றாவதை வேண்டாவெனத் தள்ளினார். அணு உமிழ்வது சுற்றியுள்ள ஒளியைச் சாராது. ஆனால் விழுங்குவதற்கான வாய்ப்பு வேறுபடும் என்று அவர் கொண்டார். அறையொன்றில் சராசரியாக எத்தனை துணுக்குகள் உள்ளனவோ, அந்த எண்ணை அதனினும் ஒன்று கூடிய எண்ணால் வகுத்தால் வருவதே அவ்வாய்ப்பின் அளவு. இதிலிருந்தும் பிளாங்கின் சூத்திரம் பிசகின்றி வந்தது.

ஐன்ஸ்டைன் அக்கட்டுரையையும் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். ஆனால் இம்முறை தம் மறுப்பையும் உடன் எழுதினார். போஸ் கூறுவது மெய்யாயின் குளிர்ந்த பொருள் ஒளியை விழுங்கும் திறன் அவ்வொளியின் வலிமைக்கேற்ப மாற வேண்டும், அப்படிக் கண்டதில்லை. வலிய ஒளியில் பழைய அலைக் கொள்கை சொல்வதோடும் அது ஒவ்வாது. பாராட்டுக் கிடைத்த ஏட்டிலேயே சில வாரங்களில் மறுப்பும் அச்சானது இளைஞர் ஒருவருக்கு எளிதில் தாங்கக் கூடியதன்று. ஐன்ஸ்டைன் சொன்னதே சரி என்பது பின்னர் உறுதியாயிற்று.

ஆயினும் இதில் வியப்பொன்று உண்டு. 1927-இல் இங்கிலாந்தின் பால் டிராக், புதிய குவாண்டம் விஞ்ஞானத்தின் வழியே இக்கணக்கைத் தொடக்கத்திலிருந்து செய்தார். அறையில் உள்ள துணுக்குகளின் எண் எவ்வளவோ அவ்வளவாக விழுங்குதல் நிகழும். அவ்வெண்ணோடு ஒன்று கூட்டினால் வருவது எவ்வளவோ அவ்வளவாக உமிழ்தல் நிகழும் என்று கண்டார். கூட்டிய அந்த ஒன்று தானாக உமிழ்தலைக் குறிக்கும். எஞ்சியது தூண்டப்பட்டு உமிழ்தல். போஸின் கணக்கில் கீழே வகுக்கும் எண்ணாக நின்றது எதுவோ, அதுவே இங்கு உமிழ்தலைப் பெருக்கும் எண்ணாக வந்தது. விகிதம் ஒன்றே, ஆதலால்தான் இரு வழியிலும் பிளாங்கின் சூத்திரம் கிடைத்தது. போஸ் சரியான எண்ணைக் கண்டார். அதனை வைத்த இடந்தான் தவறு. இதனினும் வியப்பு யாதெனில், ஒளித் துணுக்குகள் கூடி நிற்க விரும்பும் என்னும் முதற் கட்டுரையின் உண்மையே, உடனிருக்கும் ஒளியைக் கண்டு அணு மேலும் உமிழ்வதற்குக் காரணம். இரண்டாம் கட்டுரை தள்ளியதை முதற் கட்டுரை தன் மடியில் வைத்திருந்தது. 1960-இல் தோன்றி இன்று கண் சிகிச்சையிலும் கடை வாணிகத்திலும் பயன்படும் லேஸர் ஒளி, தூண்டப்பட்டு உமிழ்தலின் நேர்ப் பயனே.

பாரிஸும் பெர்லினும்

1924 அக்டோபரில் போஸ் பாரிஸ் சேர்ந்தார். பேராசிரியர் லாஞ்ஜவானின் நட்பைப் பெற்றார். மோரிஸ் டி பிராய் என்பாரின் ஆய்வுக் கூடத்தில் எக்ஸ் கதிர் முறைகளைக் கற்றார். மேரி கியூரி அம்மையாரையும் கண்டார். பிரெஞ்சு மொழியை நன்கு பயின்ற பிறகே தம் கூடத்திற்கு வர வேண்டும் என அம்மையார் நெடுநேரம் எடுத்துரைத்தார். போஸ் அம்மொழியை முன்னரே அறிவார். ஆனால் பெரியவர் பேச்சை இடைமறித்து அதனைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. நம் நாட்டு இளைஞரின் கூச்சம் எத்தகையது என்பதை அயல் மண்ணில் வாழ்வோர் அறிவர்.

ஓராண்டு கழித்துப் பெர்லின் சென்று ஐன்ஸ்டைனை நேரில் கண்டார். ஏகலைவன் துரோணரிடம் நேரிற் பயிலாமலே அவரைக் குருவாக வரித்தது போல் இவரும் ஐன்ஸ்டைனை வரித்திருந்தார். கட்டை விரலைக் கேளாத குருவாக வாய்த்தது இவர் பேறு. இருவரும் பல முறை அளவளாவினர். ஆயினும் இருவரும் கூடி எழுதிய கட்டுரை எதுவும் பிறக்கவில்லை. ஹைஸன்பர்க் 1925-இல் தொடங்கிய புதிய குவாண்டம் விஞ்ஞானம் வெள்ளமெனப் பெருகிக் கொண்டிருந்த காலம் அது. 1926-இல் போஸ் டாக்கா திரும்பினார். பேராசிரியர் பதவிக்கு டாக்டர் பட்டம் வேண்டும். அவரிடம் அது இல்லை. ஐன்ஸ்டைனின் பரிந்துரையே பட்டத்தினும் மேலாக நின்று உதவிற்று.

ஆசிரியப் பணி

டாக்காவில் போஸ் மொத்தம் இருபத்து நான்கு ஆண்டுகள் பணி புரிந்தார். அவருடைய துறையில் ஒரு தமிழரும் பங்கு கொண்டிருந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ராமன் விளைவைக் கண்டபோது ராமனுக்கு வலக்கை போல் விளங்கியவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். அவர் 1928-ஆம் ஆண்டின் இறுதியில் டாக்காப் பல்கலைக் கழகத்தில் ரீடராகச் சேர்ந்து, 1933 வரை அங்கிருந்து, படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். வங்கத்துப் போஸும் தமிழகத்துக் கிருஷ்ணனும் ஒரே கூரையின் கீழ் உழைத்த ஆண்டுகள் அவை.

போஸ் ஏடு நிறையக் கட்டுரை எழுதுபவர் அல்லர். கணிதம், பௌதிகம், இரசாயனம், இலக்கியம், இசை என எதையும் விருப்போடு கற்பவர். எஸ்ராஜ் என்னும் நரம்புக் கருவியை வாசிப்பதில் வல்லவர். வீடு தேடி வருவோர் எவராயினும் அவருடைய ஐயத்தைத் தம் ஐயமாகக் கொண்டு ஆராய்வார். இதனால் அவர் பெயரில் வந்திருக்க வேண்டிய ஆராய்ச்சிகள் குறைந்தன எனச் சிலர் வருந்துவதுண்டு. ஆனால் மாணவர் தெளிவு பெறவேண்டும் என்னும் கவலையே பிளாங்கின் சூத்திரத்தை அவர் தீண்டியதற்குக் காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

1945-இல் டாக்காவை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் கைரா பேராசிரியரானார். இரண்டாண்டில் நாடு பிரிவினையுற்றது. அவர் ஆயுளின் செழித்த பகுதியைக் கழித்த ஊர் வேற்று நாடாயிற்று. கல்கத்தாவில் அவர் முனைந்து செய்த பணிகளுள் ஒன்று தாய்மொழியில் விஞ்ஞானம் பரப்புதல். 1948-இல் வங்க விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவி, ஞானமும் விஞ்ஞானமும் எனப் பொருள்படும் பெயருடைய திங்கள் இதழைத் தொடங்கினார். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க இயலாதென்பார் ஒன்று மொழியறியார், அன்றேல் விஞ்ஞானம் அறியார் என்பது அவர் துணிபு. 1937-இல் ரவீந்திரநாத தாகூர் வங்க மொழியில் இயற்றிய விசுவ பரிசயம் என்னும் விஞ்ஞான நூலைப் போஸுக்கே உரிமையாக்கியிருந்தார். பின்னர்ப் போஸ் தாகூரின் விசுவபாரதியில் துணை வேந்தராகவும் பணியாற்றினார்.

டிராக் தம் மனைவியாருடன் கல்கத்தா வந்திருந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படும். விருந்தினர் இருவரையும் காரின் பின்னிருக்கையில் அமர்த்திவிட்டு, முன்புறத்தில் தாமும் ஏறிக்கொண்டு மாணவர் சிலரையும் அழைத்தாராம் போஸ். இடம் நெருக்கமாகாதா என டிராக் வினவ, தாம் போஸ் கணக்கில் நம்பிக்கையுடையவர் எனப் பின்புறம் திரும்பி விடையளித்தாராம். ஒரே அறையில் எத்தனை பேரும் கூடலாம் என்பதே நகைச்சுவை. போஸான் என்னும் பெயரை வழங்கியவரும் அந்த டிராக்கே.

ஓர் அணு, ஓர் அறை

போஸ் எண்ணிய அறைகள் காகிதத்தில் இருந்தவை. ஓர் அறையை மட்டும் கையால் சமைத்து, அதனுள் ஓர் அணுவை வைத்தால் என்னாகும்? 1946-இல் அமெரிக்காவின் எட்வர்டு பர்ஸல் ஒரு சிறு குறிப்பில் இதற்கு வழி காட்டினார். அணு தானாக உமிழ்வது அதன் பிறவிக் குணம் எனவே எல்லோரும் எண்ணியிருந்தனர். அணுவைச் சூழ்ந்துள்ள அறையையும் பொறுத்ததே அது என்றார் பர்ஸல். வானொலி அலையை உமிழும் அணுக்கரு ஒன்று வெட்ட வெளியில் அமைதியுற ஏறக்குறைய 160 லட்சம் கோடி ஆண்டுகள் வேண்டும். தக்க சிறு உலோகத் துகள்களின் நடுவே வைத்தால் சில நிமிஷங்களே போதும் என அவர் கணக்கிட்டார்.

இதன் காரணம் போஸின் பேரேட்டிலேயே உள்ளது. வெட்ட வெளியில் அணுவின் முன் எண்ணற்ற அறைகள் திறந்து கிடக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் அது தன் ஒளியை வரவு வைக்கிறது. எதிரெதிராக நிற்கும் இரு கண்ணாடிகளுக்கிடையே அந்த ஒளிக்கேற்ற அறை ஒன்றுமே இல்லாதவாறு இடைவெளியைக் குறுக்கினால், அணு உமிழ வழியின்றி நிற்கும். சரியாகப் பொருந்தும் ஓர் அறையை அமைத்தாலோ விரைந்து உமிழும். 1985-இல் அமெரிக்க ஆய்வாளர் இரு உலோகத் தகடுகளுக்கிடையே ஸீஸியம் அணுக்களைச் செலுத்தி, அவை உமிழாமல் தாங்கும் காலத்தை 20 மடங்குக்கு நீட்டிக் காட்டினர். கண்ணாடிகள் மிக உயர்ந்தனவாயின் மற்றொரு விந்தை நிகழும். அணு உமிழ்ந்த துணுக்கு வெளியேற மாட்டாமல் திரும்பி வரும்; அணு அதனை விழுங்கும்; மீண்டும் உமிழும். ஊஞ்சல் போன்ற இவ்வாட்டத்தைக் கணக்கிட்டு அமெரிக்கர் ஜேன்ஸும் கம்மிங்ஸும் 1963-இல் எழுதினர். இவ்வாறு ஒற்றை அணுவையும் ஒளியையும் சிறு பெட்டிக்குள் உறவாட விடும் ஆராய்ச்சி ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது.

அதில் சிகரம் தொட்டவர்களுள் ஒருவர் பாரிஸின் ஸெர்ஜ் ஹரோஷ். மின்தடை அறவே நீங்குமாறு கடுங் குளிரூட்டிய நயோபியக் கண்ணாடிகள் இரண்டை 2.7 சென்டிமீட்டர் இடைவெளியில் அவர் குழுவினர் நிறுத்தினர். அவற்றிடையே அகப்பட்ட ஒரே துணுக்கு ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம், நூறு கோடி முறைக்கு மேல் மோதி மீண்டு, உலகை ஒரு முறை சுற்றும் தொலைவை ஓடி முடிக்கும். அதன் வழியே ரூபிடியம் அணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி, பெட்டியிலுள்ள துணுக்குகளை அழிக்காமலே எண்ணினர். பெட்டி வெறுமையாக இருந்தபோதும் அணுவின் ஊஞ்சல் ஆடுவதை 1996-இல் தெளிவாக அளந்தனர். துணுக்கு சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று என இருக்கையில் ஊஞ்சலின் வேகம் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கின் வர்க்க மூலமாக வந்தது. எண்ணோடு கூட்டிய அந்த ஒன்று அங்கே நேரில் தோன்றிற்று. போஸ் 1924-இல் கண்டு, வேறிடத்தில் வைத்த அதே ஒன்று. 2012-இல் ஹரோஷுக்கும் அமெரிக்காவின் டேவிட் வைன்லண்டுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நிறைவு

போஸுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. 1954-இல் பத்ம விபூஷண் விருதும், 1958-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் பதவியும், பின்னர்த் தேசியப் பேராசிரியர் என்னும் சிறப்பும் கிட்டின. அவர் பெயரால் விளங்கும் துறையில் உழைத்தோர் பலர் நோபல் பரிசு பெற்றுவிட்டனர். அதைப் பற்றி அவர் குறை கூறித் திரிந்தவர் அல்லர். 1974 ஜனவரியில் அவருடைய எண்பதாம் ஆண்டு நிறைவும், அவர் கண்ட கணக்கின் பொன் விழாவும் ஒருங்கே கொண்டாடப்பட்டன. அடுத்த திங்கள் 4-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். 1986-இல் இந்நகரில் அவர் பெயரால் அடிப்படை விஞ்ஞானங்களுக்கான தேசிய மையம் ஒன்று தோன்றிற்று.

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தையும் ஹிந்தியையும், தெருவில் வங்காளியையும், வீட்டில் தமிழையும் பேசி வளர்கின்றனர். விஞ்ஞானம் பள்ளிமொழிக்கும் தமிழ் அடுக்களைக்கும் உரியவை என்று அவர்கள் பிரித்து எண்ணிவிடலாகாது. ஐன்ஸ்டைனுக்கு ஆங்கிலத்தில் எழுதி, ஜெர்மானியத்தில் அச்சேறி, பிரெஞ்சு நாட்டில் கற்ற போஸ், தம் ஊர்ச் சிறுவருக்கு வங்காளியிலேயே ஒளியைப் பற்றி உரைத்தார். அவர் இதழ் நடத்திய நகரில் வாழும் நாம், நம் சங்கத்தின் வாரக் கூட்டங்களில் ஒன்றையேனும் மாதந்தோறும் இதற்கென ஒதுக்கி, நம் மக்களைத் தமிழில் விஞ்ஞானம் பேசச் செய்தல் வேண்டும். சூளையின் துளையிலும் பேரேட்டு ரூபாயிலும் தொடங்கி விளக்க முடியாத அளவுக்கு அரிய பொருள் அதில் மிகச் சிலவே.